விரல் நுனியில் ஒரு சாட்சி

மதுரை அரசவையில் கண்ணகி தன் காற்சிலம்பை உடைத்தாள். மாணிக்கப் பரல் தெறித்தது. பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தவையோ முத்துப் பரல்கள். கோவலன் கள்வன் அல்லன் என்னும் உண்மை ஒரு நொடியில் அவையோர் அனைவருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் விளங்கி என்ன பயன்? அதற்குள் கோவலன் வெட்டுண்டு கிடந்தான். சிலம்பை முன்பே சோதித்திருந்தால் இத்தனை அழிவு நேர்ந்திருக்குமா என்று தமிழ் வகுப்பில் நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

திருவிவிலியத்தில் தானியேல் ஆகமத்தில் வேறொரு பெண்ணைக் காண்கிறோம். சூசன்னா என்னும் அந்த நல்லாள் மீது முதியோர் இருவர் பொய்க் குற்றம் சுமத்தினர். மக்களும் அவர்கள் சொல்லை நம்பி, அவளைக் கொல்ல இழுத்துச் சென்றனர். அப்போது தானியேல் என்னும் இளைஞர் குறுக்கிட்டார். சாட்சிகள் இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் அவளைக் கண்டார்கள் என்று தனித்தனியே கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். பொய் வெளிப்பட்டது. சூசன்னா பிழைத்தாள்.

இரண்டு இடத்திலும் குற்றமற்றவர் மீது பழி விழுந்தது. இரண்டு இடத்திலும் சோதனை நடந்தது. மதுரையில் அது தண்டனைக்குப் பின்னே வந்தது. சூசன்னாவுக்கு முன்னே வந்தது. இந்த 'முன்னே'யும் 'பின்னே'யும் தான் ஓர் உயிரின் விலை.

இச்சோதனையைச் செய்வதற்கென்றே இன்று காவல் துறையில் தனிப் பிரிவுகள் உள்ளன. திருட்டு நடந்த வீட்டிற்குக் கையில் பெட்டியும் தூரிகையுமாக வரும் கைரேகை நிபுணர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். இப்பிரிவு எங்கே, எப்படிப் பிறந்தது? அதற்கு நாம் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் நாட்டுக் கல்கத்தாவிற்குப் போனால் போதும். 1897-ஆம் ஆண்டில் வங்காள போலீசார் அங்கே நிறுவிய கைரேகைக் கூடத்தின் கதையைக் காண்போம்.

முகத்தை நம்பலாமா?

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் போலீசாருக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. பிடிபட்டவன் தன் பெயர் இன்னதென்று சொன்னால் அதைச் சரிபார்க்க வழியில்லை. பழைய குற்றவாளி புதுப் பெயருடன் வருவான். முதல் குற்றம் என்று எண்ணி நீதிபதி இரக்கம் காட்டுவார். அதைவிடக் கொடுமை என்னவென்றால், ஒருவனுடைய முகச்சாயலில் இருந்த பாவத்திற்காக இன்னொருவன் சிறை செல்வான்.

லண்டனில் வாழ்ந்த அடால்ஃப் பெக் என்பவரின் கதை இதற்குச் சான்று. பெண்களை ஏமாற்றி நகைகளைக் கவர்ந்த ஒரு மோசடிக்காரன் இவர்தான் என்று பல பெண்கள் நீதிமன்றத்தில் கைகாட்டினார்கள். அவர்கள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, கண் ஏமாற்றியது. 1896-இல் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. விடுதலையாகி வந்தவரை 1904-இல் அதே போன்ற குற்றத்திற்காக மீண்டும் குற்றவாளி என்றார்கள். அவர் காவலில் இருக்கும்போதே அதே வகை மோசடி மறுபடியும் நடந்து உண்மையான குற்றவாளி பிடிபட்டதால் மட்டுமே பெக் தப்பினார். செய்யாத குற்றத்திற்கு அவர் இழந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

பாரிஸ் நகரப் போலீசில் எழுத்தராக இருந்த அல்போன்ஸ் பெர்ட்டிலோன் 1880-களின் தொடக்கத்தில் ஒரு வழி கண்டார். தலையின் நீளம், அகலம், நடுவிரல், இடது பாதம், முழங்கை முதல் விரல் நுனி வரை என்று உடலின் பதினொரு அளவுகளை எடுத்து அட்டையில் குறித்து வைத்தார். அது பல நாடுகளில் பரவியது. ஆனால் அளப்பவர் கை சற்று இறுகினாலோ தளர்ந்தாலோ அளவு மாறிவிடும். வளரும் பிள்ளைகளுக்கு அது ஒத்துவராது. எல்லாவற்றிற்கும் மேலாக, திருடன் தன் தலையின் அளவைத் திருடிய இடத்தில் விட்டுச் செல்வதில்லையே!

ஒப்பந்தத் தாளில் ஓர் உள்ளங்கை

இதற்கு விடை வங்காளத்தில் ஏற்கெனவே கிடைத்திருந்தது. 1858-ஆம் ஆண்டில் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி சாலை போடுவதற்குச் சரளை தருமாறு ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். பின்னால் 'இது என் கையெழுத்தே அல்ல' என்று மறுத்துவிடுவாரோ என்ற அச்சம் ஹெர்ஷலுக்கு. எனவே கோனாயின் உள்ளங்கையில் மை தடவி அதைத் தாளின் பின்புறம் பதித்துக்கொண்டார். விளையாட்டுப்போல் தொடங்கிய இப்பழக்கம் அவரை விடவில்லை. தம் விரல்களையும் நண்பர்களின் விரல்களையும் பதித்து, பல ஆண்டு கழித்து மீண்டும் பதித்து ஒப்பிட்டார். ஆள் மூத்தாலும் ரேகை மாறவில்லை. 1877-இல் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது பத்திரப் பதிவிலும், ஓய்வூதியம் வாங்குவோரிடமும் விரல் பதிவைக் கட்டாயமாக்கினார். இறந்துபோனவரின் பெயரில் பணம் வாங்கும் மோசடி அதனால் தடைப்பட்டது. சிறைகளிலும் இம்முறையைப் பின்பற்றலாம் என்று அவர் எழுதிய கடிதத்தை மேலிடம் ஏற்கவில்லை.

அதே காலத்தில் ஜப்பானில் வேதபோதகராகவும் மருத்துவராகவும் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர் ஹென்றி ஃபோல்ட்ஸ், பழங்காலப் பானை ஓடுகளில் குயவரின் விரல் தடங்களைக் கண்டு வியந்து ஆராயத் தொடங்கினார். டோக்கியோவில் நடந்த ஒரு திருட்டில் வெள்ளையடித்த சுவரில் கரி படிந்த கைத்தடம் இருந்தது. போலீசார் ஒருவனைப் பிடித்து வைத்திருந்தனர். ஃபோல்ட்ஸ் ஒப்பிட்டுப் பார்த்து, தடம் அவனுடையது அன்று என்று காட்டினார். அவன் விடுதலையானான். தோழியரே, இதை மனத்தில் வைத்துக்கொள்வோம். கைரேகை தன் பணியைத் தொடங்கியது ஒருவனைச் சிறையில் தள்ளியன்று. ஒருவனைச் சிறையிலிருந்து மீட்டு. ஃபோல்ட்ஸ் 1880-இல் 'நேச்சர்' இதழில் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார்.

பின்னர் ஃபிரான்சிஸ் கால்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர் கணக்கிட்டு, இரண்டு விரல்களின் ரேகை ஒன்றாக அமைய 6,400 கோடியில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு என்று 1892-இல் எழுதினார். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற தாயே அவர்களை மாற்றி அழைப்பதுண்டு. ஆனால் அவர்களுடைய ரேகைகளும் வெவ்வேறே! தாயின் வயிற்றில் ஆறு மாதம் நிறைவதற்குள் நம் விரல்களில் படைத்தவர் இட்ட இக்கோலம் இறுதிவரை அழிவதில்லை. தோல் சிறிது வெட்டுப்பட்டாலும் ஆறியபின் அதே கோலம் திரும்ப வருகிறது.

கல்கத்தாவில் ஒரு கணித மாணவர்

ரேகை ஒவ்வொருவருக்கும் வேறு என்று தெரிந்தால் மட்டும் போதுமா? போலீசாரிடம் ஐம்பதாயிரம் பேரின் ரேகைத் தாள்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். புதிதாகப் பிடிபட்டவனின் தாளை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் பல வாரங்கள் ஆகும். பெயரை அகரவரிசையில் அடுக்கலாம். விரல் ரேகையை எந்த வரிசையில் அடுக்குவது? இங்கேதான் அறிஞர்கள் எல்லோரும் தடுமாறினர்.

அப்போது வங்காளத்தின் போலீஸ் தலைவராக இருந்தவர் எட்வர்டு ஹென்றி. லண்டனில் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1850-இல் பிறந்து, இங்கிலாந்தின் பழமையான கத்தோலிக்கப் பள்ளியாகிய புனித எட்மண்ட் கல்லூரியில் பயின்றவர். 1891-இல் இப்பதவிக்கு வந்த அவர் முதலில் பெர்ட்டிலோனின் அளவு முறையையே பின்பற்றி, அதனோடு கட்டைவிரல் பதிவையும் சேர்த்தார். விடுமுறையில் இங்கிலாந்து சென்றபோது கால்ட்டனையும் கண்டு பேசினார். ஆயினும் அடுக்கும் வழி மட்டும் புலப்படவில்லை.

கணக்கில் வல்ல ஒரு மாணவரை அனுப்புமாறு ஹென்றி கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி முதல்வரைக் கேட்டார். முதல்வர் அனுப்பிய மாணவர் பெயர் காஜி அசிசுல் ஹக். குல்னா மாவட்டத்தில் 1872-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரைப் படகு விபத்தில் இழந்து, பன்னிரண்டு வயதில் கல்கத்தாவிற்கு வந்து, அன்பு காட்டிய ஒரு குடும்பத்தின் உதவியால் படித்து முன்னேறியவர். அவர் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார். அவரோடு ஹேமச்சந்திர போஸ் என்னும் மற்றொரு சப்-இன்ஸ்பெக்டரும் பணியாற்றினார். இவ்விருவரும் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான தாள்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, அம்முடிச்சை அவிழ்த்தனர்.

ஆயிரத்து இருபத்து நான்கு அறைகள்

முடிச்சு அவிழ்ந்த விதம் மிகவும் எளியது. நம் பாட்டிமார் பிள்ளைகளின் விரலைப் பிடித்துப் பார்த்து, "இது சங்கு, இது சக்கரம்" என்பார்கள் அல்லவா? கைரேகை நிபுணரும் ஏறக்குறைய அதையே செய்கிறார். எதிர்காலம் சொல்வதற்காக அன்று, இனம் பிரிப்பதற்காக! ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் இறங்கும் வில் போன்றது வளைவு. ஒரு பக்கம் தொடங்கி வளைந்து அதே பக்கம் திரும்புவது கண்ணி. பாட்டியின் சங்கு இதுவே. நடுவில் சுற்றிச் சுற்றி அமைவது சுழி, பாட்டியின் சக்கரம்.

இனி கணக்கைக் கவனிப்போம். வலது கட்டைவிரல் முதல் சுண்டுவிரல் வரை 1 முதல் 5 என்றும், இடது கட்டைவிரல் முதல் சுண்டுவிரல் வரை 6 முதல் 10 என்றும் எண் இட வேண்டும். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஐந்து இணைகள் கிடைக்கும். முதல் இணையில் சுழி இருந்தால் 16 மதிப்பெண்; இரண்டாம் இணைக்கு 8; மூன்றாவதற்கு 4; நான்காவதற்கு 2; ஐந்தாவதற்கு 1. சுழி இல்லாத விரலுக்குச் சுன்னம். இரட்டைப்படை எண்ணுள்ள விரல்களின் மதிப்பைக் கூட்டி ஒன்று சேர்த்து மேலே எழுத வேண்டும். ஒற்றைப்படை விரல்களின் மதிப்பைக் கூட்டி ஒன்று சேர்த்துக் கீழே எழுத வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு மாணவிக்கு வலது கட்டைவிரல், வலது மோதிரவிரல், இடது ஆள்காட்டிவிரல் ஆகிய மூன்றில் மட்டும் சுழி இருக்கிறது. அவை 1, 4, 7 ஆம் விரல்கள். இரட்டைப்படை விரல் 4 மட்டுமே. அதன் மதிப்பு 8. ஒன்று கூட்ட 9. ஒற்றைப்படை விரல்கள் 1, 7, மதிப்பு 16, 2, கூட்டுத்தொகை 18, ஒன்று கூட்ட 19. ஆகவே அவள் எண் ஒன்பதின் கீழ் பத்தொன்பது. பத்து விரலிலும் சுழியே இல்லாதவளுக்கு ஒன்றின் கீழ் ஒன்று. பத்திலும் சுழி உள்ளவளுக்கு முப்பத்திரண்டின் கீழ் முப்பத்திரண்டு. மேலே 32 வகை, கீழே 32 வகை, பெருக்கினால் 1,024.

அசிசுல் ஹக் 32 வரிசையும் 32 நிரலுமாக 1,024 அறைகள் கொண்ட அலமாரியை வகுத்தார். எவனுடைய தாள் வந்தாலும் அதற்குரிய அறை எதுவென்று உடனே தெரியும். அந்த அறைக்குள்ளும் ரேகைகளை எண்ணி உட்பிரிவு செய்துவிட்டால் சில நிமிடங்களில் பழைய தாளை எடுத்துவிடலாம். ஹேமச்சந்திர போஸ் ரேகையின் விவரங்களைத் தந்தி மூலம் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு அனுப்பும் குறியீட்டு முறையை அமைத்தார். கணக்குப் பாடம் எதற்குப் பயன்படும் என்று முணுமுணுக்கும் தோழியர் இதைச் சற்றுச் சிந்திப்பார்களாக!

1897 மார்ச்சு மாதத்தில் இந்திய நில அளவைத் தலைவர் சார்லஸ் ஸ்ட்ராகன், வேதியியல் அறிஞர் அலெக்சாண்டர் பெட்லர் ஆகிய இருவர் அடங்கிய குழு இம்முறையைச் சோதித்து, அளவு முறையைவிட இதுவே சிறந்தது என்று அறிக்கை தந்தது. அவ்வாண்டு ஜூன் 12-ஆம் நாள் இந்திய அரசு அதை ஏற்றது. கல்கத்தா கைரேகைக் கூடம் பிறந்தது. அர்ஜென்டினாவில் ஹுவான் வுசெட்டிச் என்பவர் தம் வழியில் இதே முயற்சியைச் சற்று முன்பே தொடங்கியிருந்தார். அங்கே 1892-இல் ஒரு கொலை வழக்கில், எவ்வளவு துன்புறுத்தியும் குற்றத்தை ஒப்புக்கொள்ளாத அண்டை வீட்டார் ஒருவரைக் கதவில் பதிந்த இரத்த ரேகை விடுவித்தது. ஆயினும் உலகில் பெரும்பாலான நாடுகள் பின்பற்றியது கல்கத்தாவின் முறையையே.

நீல அட்டைப் பஞ்சாங்கம்

கூடம் அமைந்த சிறிது காலத்திலேயே அதற்குச் சோதனை வந்தது. வங்காளத்தின் வடகோடியில் ஜல்பைகுரி மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் தம் படுக்கையிலேயே கொலையுண்டு கிடந்தார். பெட்டிகள் உடைக்கப்பட்டிருந்தன, சில நூறு ரூபாய்களைக் காணவில்லை.

யாரைச் சந்தேகிப்பது? தோட்டத் தொழிலாளர்களுக்கு மேலாளர் மீது வெறுப்பு இருந்தது. அக்கம்பக்கத்தில் காபூல்காரர் கூட்டம் ஒன்று தங்கியிருந்தது. எல்லாவற்றையும்விட, மேலாளரின் சமையற்காரன் உடையில் இரத்தக்கறை இருந்தது! முதலாளியின் இரவு உணவுக்காகப் புறா அறுத்தபோது பட்டது என்று அவன் சொன்னான். யார் நம்புவார்கள்? பழைய காலமாயிருந்தால் அந்த ஏழையின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணவே நடுக்கமாயிருக்கிறது.

இறந்தவரின் பெட்டியில் இருந்த தாள்களுக்கிடையே வங்க மொழிப் பஞ்சாங்கம் ஒன்று கிடைத்தது. அதன் வெளிர்நீல அட்டையில் மங்கிய பழுப்பு நிறக் கறைகள் இரண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது அவற்றுள் ஒன்று வலது கைவிரல் ஒன்றின் பதிவு என்று தெரிந்தது. அதைக் கல்கத்தாக் கூடத்திற்கு அனுப்பினர். அலமாரியில் தேடினர். முன்பு இதே மேலாளரிடம் வேலைபார்த்துத் திருடிச் சிறைசென்ற காங்காலி சரண் என்பவனின் வலது கட்டைவிரல் பதிவோடு அது பொருந்தியது. அவன் பல நூறு மைல் தொலைவிலுள்ள பீர்பூம் மாவட்டத்தில் பிடிபட்டான். மீண்டும் அவன் விரலைப் பதித்து ஒப்பிட்டனர், ஐயமில்லை. அரசின் இரசாயனப் பரிசோதகர் அக்கறை இரத்தமே என்று சான்றளித்தார். இந்த இரசாயனப் பரிசோதகர் பதவி இந்தியாவில் முதலில் ஏற்பட்டது நம் சென்னையில்தான், 1849-இல். அதுவே வளர்ந்து இன்று தமிழ்நாடு தடய அறிவியல் துறையாக விளங்குகிறது.

1898-இல் நடந்த விசாரணையின் முடிவு நமக்கு வியப்பைத் தரும். காங்காலி சரண் திருடினான் என்று நீதிமன்றம் உறுதியாக ஏற்றது. ஆனால் கொலைக்கு அவனைத் தண்டிக்கவில்லை. அவன் பெட்டியைத் தொட்டான் என்பதை ரேகை மெய்ப்பித்தது. கொன்றான் என்பதைக் கண்டவர் எவரும் இல்லை என்று கூறி, திருட்டுக்கு மட்டும் தண்டனை விதித்தனர். சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் நம் ஊகத்தைச் சேர்க்கலாகாது என்ற அந்த நிதானத்தையும் நாம் போற்றத்தான் வேண்டும். சமையற்காரன் மீதிருந்த சந்தேகமோ அன்றோடு தீர்ந்தது. அடுத்த ஆண்டே, 1899-இல், இந்தியச் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டு, விரல் ரேகை நிபுணரின் கருத்தை நீதிமன்றம் ஏற்க வழி பிறந்தது.

பெயர் பெற்றவரும் பெறாதவரும்

ஹென்றி 1900-இல் இம்முறையைப் பற்றி நூல் எழுதினார். 1901-இல் லண்டன் சென்று ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைக் கூடத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே, புதிதாக வண்ணம் பூசிய சன்னல் விளிம்பில் பதிந்த கட்டைவிரலால் ஒரு திருடன் அங்கே பிடிபட்டான். 1903-இல் ஹென்றி லண்டன் மாநகரப் போலீஸ் ஆணையரானார். 'ஹென்றி முறை' என்றே உலகம் அதை அழைத்தது.

அசிசுல் ஹக்கும் ஹேமச்சந்திர போசும் கல்கத்தாவில் தங்கள் மேசைகளிலேயே இருந்தனர். ஹக் தம் பங்கை அங்கீகரிக்குமாறு அரசைக் கேட்கப் பல ஆண்டுகள் ஆயின. 1926-இல் முதுமையில் இருந்த ஹென்றி, தம் பணியாளருள் மற்றெவரையும் விட இம்முறையை உருவாக்க அதிகம் உதவியவர் ஹக் என்று எழுதிக்கொடுத்தார். ஹக்குக்கு 'கான் பகதூர்' பட்டமும் 5,000 ரூபாயும், போசுக்கு 'ராய் பகதூர்' பட்டமும் கிடைத்தன. ஹக் 1935-இல் மறைந்தார். இன்று இங்கிலாந்துக் கைரேகை நிபுணர் சங்கம் இவ்விருவர் பெயராலும் பரிசு வழங்குகிறது. பிறருடைய உழைப்பை மறைக்காமல் சொல்வதும் உண்மை பேசுதலின் ஒரு பகுதியே அல்லவா?

இன்றைய கூடம்

கைரேகையோடு தொடங்கிய அக்கலை பின் பல கிளைகளாய்ப் பரந்தது. 1910-இல் பிரான்சு நாட்டு லியோன் நகரில் எட்மண்ட் லோக்கார்ட் என்னும் மருத்துவர், நீதிமன்றக் கட்டடத்தின் மேல்மாடத்தில் கிடைத்த இரண்டு சிறு அறைகளில் போலீஸ் ஆய்வுக்கூடம் தொடங்கினார். எவன் எங்கே சென்றாலும் எதையாவது விட்டுச் செல்கிறான், எதையாவது எடுத்துச் செல்கிறான் என்பது அவர் கொள்கை. தூசி, நூலிழை, மகரந்தம் எல்லாம் அவருக்குச் சாட்சிகள்.

சம்பவ இடத்திற்குச் செல்லும் நிபுணர் இன்று என்ன செய்கிறார்? முதலில் எதையும் தொடாமல் புகைப்படம் எடுக்கிறார். நம் விரலில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் இருப்பதால் தொட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத தடம் விழுகிறது. கண்ணாடி, எவர்சில்வர் போன்ற வழவழப்பான பொருள்களின் மேல் மெல்லிய தூளைத் தூரிகையால் தடவினால் தூள் அத்தடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை ஒட்டுநாடாவில் எடுத்து அட்டையில் பதிக்கிறார். தாளாக இருந்தால் நின்ஹைட்ரின் என்னும் மருந்தைத் தெளிக்க, ரேகை ஊதா நிறத்தில் தோன்றும். ஒவ்வொரு பொருளையும் உறையிலிட்டு, முத்திரையிட்டு, அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்று எழுதி வைக்கிறார். இந்தக் குறிப்பில் ஒரு நாள் விட்டுப்போனாலும் நீதிமன்றத்தில் சான்று நிற்காமல் போகலாம்.

விடுமுறையில் நாமும் இதைச் செய்து பார்க்கலாம். துடைத்த கண்ணாடித் தம்ளரை ஒருமுறை பிடித்து வைத்துவிட்டு, முகப்பவுடரை மெல்லிய தூரிகையால் தடவினால் நம் விரல் தோன்றும். வீட்டில் சர்க்கரை டப்பாவைத் திறந்தது யார் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதற்கு நாம் பொறுப்பல்ல!

அலமாரியின் இடத்தைக் கணிப்பொறி பிடித்துக்கொண்டது. 2022-இல் தேசியத் தானியங்கிக் கைரேகை அடையாள அமைப்பு தொடங்கப்பட்டு, நாட்டின் மாநிலப் பதிவுகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றம் நடந்த இடத்திற்குத் தடய அறிவியல் நிபுணர் செல்ல வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை ஐந்து ஆண்டுகளுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும்.

நிபுணரும் தவறுவதுண்டு

இவ்வளவையும் படித்தபின், இனிப் பிழையே நேராது என்று நாம் எண்ணிவிடலாகாது. 2004-இல் ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரில் ரயில்களில் குண்டு வெடித்துப் பலர் மாண்டனர். ஒரு பையில் கிடைத்த ரேகை, அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவருடையது என்று அந்நாட்டு நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். அவர் இரண்டு வாரங்கள் காவலில் இருந்தார். ஸ்பெயின் போலீசார் அது வேறொருவனுடையது என்று கண்டுபிடித்தபின் விடுதலையானார். ரேகை பொய் சொல்லவில்லை; அதைப் படித்தவர்கள் அவசரப்பட்டார்கள். தாம் எதிர்பார்த்ததையே கண்டார்கள். கருவி எவ்வளவு நுட்பமானாலும் அதைப் பிடித்திருக்கும் மனிதரின் மனச்சாட்சியே இறுதியில் தராசு.

1984-இல் இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரிஸ் என்னும் அறிஞர் மரபணுவைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறையைக் கண்டுபிடித்தார். அதைப் போலீசார் முதலில் ஒரு கொலை விசாரணையில் பயன்படுத்தியபோது என்ன நடந்தது தெரியுமா? பதினேழு வயது இளைஞன் ஒருவன், தான் செய்யாத கொலையைச் செய்ததாக ஒப்புக்கொண்டிருந்தான். சோதனை அவன் குற்றமற்றவன் என்று காட்டியது. டோக்கியோவின் கரித்தடம், ஜல்பைகுரியின் சமையற்காரன், இந்த இளைஞன் என்று எங்கு நோக்கினும், தடய அறிவியல் எளியவரின் கையைத்தான் முதலில் பிடித்து எழுப்பியிருக்கிறது.

நம் பள்ளியில் என்ன நடக்கிறது? பேனா காணாமற்போனால், "அவள்தான் எடுத்திருப்பாள், அன்றும் அவள் பக்கத்தில்தான் இருந்தாள்" என்கிறோம். ஒருத்தி சொன்னதைப் பத்துப் பேர் பரப்புகிறோம். மாலையில் பேனா நம் பைக்குள்ளேயே கிடைக்கும்போது, அந்தச் சிறுமி அழுத கண்ணீரை எங்கே போய்த் துடைப்பது? சிலம்பை உடைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்ன மன்னனைக் குறை கூறும் நாம், நாள்தோறும் எத்தனை சிலம்புகளை உடைக்காமலே தீர்ப்புச் சொல்கிறோம்!

ஒவ்வொரு விரலிலும் ஒரு தனிக் கோலம் இட்ட இறைவன், ஒவ்வோர் உயிரையும் தனித்தனியே அறிந்திருக்கிறார். யாரையும் கூட்டத்தோடு கூட்டமாக அவர் எண்ணுவதில்லை. தோழியரே, நம்முள் சிலர் நாளை ஆய்வுக்கூடங்களிலும் நீதிமன்றங்களிலும் காவல் துறையிலும் பணி செய்யப் போகிறோம். அன்றும் இன்றும் நாம் செய்ய வேண்டியது ஒன்றே: முதலில் சோதிப்போம், பிறகு பேசுவோம். சூசன்னாவைக் காத்த ஆண்டவர், அந்த நிதானத்தையும் துணிவையும் நம் அனைவருக்கும் அருள்வாராக!